அரிச்சந்திரனைப் பார்க்கப் போன சனிக்கிழமை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நான் முள்ளியவளையிலிருந்து தனியே கிளிநொச்சிக்குப் போய், அங்கு ஒரு மண்டபத்தில் அரிச்சந்திரா இசை நாடகம் பார்த்துவிட்டு, மறுநாள் அதிகாலை 2.10 மணிக்கு வீட்டுப் படலையைத் திறந்தேன். போய்வந்த செலவு மொத்தம் 9,900 ரூபாய். முன்பள்ளியில் படிப்பிக்கும் எனக்கு அது என் ஒரு மாதக் கொடுப்பனவின் பெரும் பகுதி. மறுநாள் அயலில் இருவர் வந்து நாடகம் எப்படி என்று கேட்டார்கள். நல்லது என்றும் சொல்ல வரவில்லை, கூடாது என்றும் சொல்ல வரவில்லை. புறப்படுவதற்கு முன் யாராவது எனக்கு நாலு விடயத்தைச் சொல்லியிருந்தால் பாதிக் காசும் பாதி மனவருத்தமும் மிஞ்சியிருக்கும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நாடகக் குழு, மண்டபம், ஏற்பாட்டாளர்கள் ஆகியோரின் பெயர்களை விட்டுவிடுகிறேன். அவர்களும் கைக்காசைப் போட்டுத்தான் இந்தக் கலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

நான் ஏன் இத்தனை வருடம் இந்த நாடகத்துக்குக் காத்திருந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 1990களில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை. மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்குள் இருந்தன. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி எடுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுத்து, மிதியைக் கையால் சுற்றுவார்கள். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. ஐயாவிடம் ஓர் ஒலிநாடா இருந்தது, நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடி நடித்த மயான காண்டம். என் கை தளர்ந்தால் அரிச்சந்திரனின் குரல் தடித்து இழுபடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் ஐயா, கண்ணைத் திறக்காமலே, “பிள்ளை, மனுசன் களைச்சுப் போறார்” என்பார். நான் மறுபடி வேகமாகச் சுற்றுவேன். பத்து வயதில் எனக்கு இராகம் எது, தாளம் எது என்று தெரியாது. ஆனால் அந்த ஒலிநாடாவில் எந்த இடத்தில் மூச்செடுக்கிறார், எந்த இடத்தில் ஆர்மோனியம் முந்துகிறது என்பதெல்லாம் மனப்பாடம்.

ஐயா தம் இளமையில் அந்த நாடகத்தை மூன்று தடவை நேரில் பார்த்தவர். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்குமாம். மயானத்துக் காட்சி வரும்போது கிழக்கு வெளுத்துவிடுமாம். “ஒருநாள் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன்” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நடிகமணி 1989 இல் காலமாகிவிட்டார். அந்தப் பாணியில் பாடுகிறவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும், பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த காலங்களில் ஒரு நாடகத்துக்காக யாரும் பயணம் போனதில்லை. 2008 இன் இறுதியில் முள்ளியவளையை விட்டு வெளியேறியபோது ஐயா அந்த ஒலிநாடாவைச் சாரத்தின் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். புதுமாத்தளனில் ஒரு பதுங்குகுழிக்குள் அது தங்கிவிட்டது. ஐயா 2016 இல் போய்விட்டார். ஆகவே, சுவரொட்டியில் ‘அரிச்சந்திரா – இசை நாடகம்’ என்ற எழுத்துகளைக் கண்ட அன்று நான் தண்ணீரூற்றுச் சந்தியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதை இரண்டு தரம் வாசித்தேன்.

வன்னியில் அரங்கு எங்களுக்குப் புதிதன்று. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் வரும் நாள்களில், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் கடல்நீரில் விளக்கெரியும் ஊர் எங்களுடையது. கோவலன் கூத்தைப் பாயில் படுத்தபடி பார்த்து, சிலம்பு விற்கப் போகும் இடத்தில் எழுந்து உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆனால் கூத்து வேறு, இசை நாடகம் வேறு. கூத்தில் வட்டக்களரி, மத்தளம், தாளம், அண்ணாவியார். ஆட்டம்தான் அதன் உயிர். இசை நாடகமோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு நாடகக் குழுக்களோடு இங்கு வந்து, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்றோரின் நாடகங்களால் வளர்ந்து, ஊரவர்களே கொட்டகை போட்டு ஆடிய வடிவம். அதில் முன்திரை, காட்சிச் சீலைகள், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் உண்டு. ஆட்டம் குறைவு, பாட்டுத்தான் எல்லாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக மேல் சுருதியில் பாடப் பழகிய குரல்கள் அவை. இந்தச் செய்தியை நான் முன்பே அறிந்திருந்தும், நுழைவுச்சீட்டு வாங்கும்போது அதை நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் என் முதலாவது தவறு.

நுழைவுச்சீட்டு 1,000 ரூபாய்க்கும் 2,000 ரூபாய்க்கும் இருந்தது. இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு ஏன் பின்னால் இருக்க வேண்டும் என்று எண்ணி, தெரிந்த ஒரு தம்பி மூலம் 2,000 ரூபாய்ச் சீட்டை வாங்கினேன். தொலைபேசி இலக்கம் சுவரொட்டியிலேயே இருந்தது. ஆனால் நான் அழைத்து எதையும் கேட்கவில்லை. காசியில் அரிச்சந்திரன் மனைவியையும் மகனையும் விற்கும் இடத்திலிருந்து தொடங்குவார்களா, மயானத்திலிருந்து மட்டும்தானா? எவ்வளவு நேரம் நடக்கும்? பழைய முறைப்படி ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டுமா, வேறு வாத்தியங்களும் உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் ஓர் அழைப்பில் கேட்டு முடித்திருக்கலாம். இப்போதெல்லாம் இந்த நாடகங்களை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கித்தான் மேடையேற்றுகிறார்கள். சுருக்குவதை நான் குறை சொல்லவில்லை. விடியவிடிய இருந்து பார்க்க இன்று யாருக்கும் நேரமும் இல்லை, உடம்பும் இல்லை. ஆனால் எதை வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், வராத காட்சிக்காக மனம் ஏங்கிக்கொண்டிருக்காது.

நிகழ்ச்சி 4.30 மணிக்கு என்று சீட்டில் அச்சிட்டிருந்தது. இரண்டு மணி நேரம் என்றால் 6.30 மணிக்கு முடிந்துவிடும், ஏழு மணியளவில் முல்லைத்தீவுப் பக்கம் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கலாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மதியம் புறப்பட்டு, புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் வழியாக மூன்று மணிக்குக் கிளிநொச்சியில் இறங்கினேன். இறங்கும்போது நடத்துநரிடம், திரும்பிப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டேன். “சனிக்கிழமையில ஏழு மணிக்குள்ள போயிடும் அக்கா, அதை நம்பி இருக்காதையுங்கோ” என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட உடனேயே கிளிநொச்சியில் தெரிந்தவர் வீடு ஒன்றில் இரவு தங்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். என் பெரியம்மாவின் மகள் உதயநகரில்தான் இருக்கிறாள். முன்னறிவித்தல் இல்லாமல் போய் அவளுக்குக் கரைச்சல் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மண்டபக் கதவு ஐந்து மணிக்குத் திறந்தது. மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் நான்கு, பிறகு பொன்னாடை போர்த்தல். பேசியவர்களில் ஒருவர் இசை நாடகத்தின் வரலாற்றை நன்றாகவே சொன்னார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பாராட்டினார்கள். 6.15 மணி ஆனது. 6.40 ஆனது. மேடையின் பின்னால் ஆர்மோனியத்தின் சுருதி கேட்கிறது, திரை விலகவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் பட்ட தவிப்பை இங்கே மறைக்க விரும்பவில்லை. இப்போது எழுந்து போனால் பேருந்தைப் பிடிக்கலாம், நாடகம் இல்லை. இருந்தால் நாடகம் உண்டு, வீடு போக வழியில்லை. கைத்தொலைபேசியைத் திறந்து நேரத்தைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்த என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்த வயதான அம்மா, “எங்க பிள்ளை போகோணும்?” என்று கேட்டார். முள்ளியவளை என்றேன். “ஐயோ, தனியவோ?” என்று என் கையைப் பிடித்தார். இருபத்தைந்து, முப்பது வருடக் காத்திருப்பை ஒரு பேருந்துக்காக விட்டுவிட்டு எழுந்து போக என்னால் முடியவில்லை. திரை விலகியபோது 7.05 மணி. ஊர்களில் இத்தகைய நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் சீட்டில் உள்ள நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அழைத்து, “பேச்சுகள் முடிந்து நாடகம் எத்தனை மணிக்குத் தொடங்கும்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாடகம் லோகிதாசன் தருப்பை பறிக்கப் போகும் இடத்திலிருந்து தொடங்கியது. அயோத்தி மன்னன் நாட்டை இழந்தது, விசுவாமித்திரருக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்காகக் காசிக்கு வந்தது, சந்திரமதியும் மகனும் காலகண்டரிடம் விலைப்பட்டது, அரிச்சந்திரன் வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கப் போனது, எல்லாவற்றையும் ஒருவர் ஒலிவாங்கியில் ஐந்து நிமிடத்தில் கதையாகச் சொல்லி முடித்துவிட்டார். காசித் தெருவில் மனைவியை விலை கூறும் அந்தக் காட்சியைத்தான் ஐயா அடிக்கடி சொல்லுவார். ஒலிநாடாவில் இல்லாத பகுதி அது. அதை ஒருமுறையாவது கண்ணால் பார்ப்பேன் என்று நம்பிப் போனவளுக்கு அந்த ஐந்து நிமிடம் நெஞ்சை அடைத்தது.

அடுத்த துன்பம் ஒலியமைப்பு. கலியாண வீட்டுக்கும் இசைக்கச்சேரிக்கும் கொண்டுபோகும் ஆள் உயரப் பெட்டிகளை மேடையின் இரு பக்கமும் அடுக்கியிருந்தார்கள். என் 2,000 ரூபாய் இருக்கை இடது பக்கப் பெட்டியிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. ஆர்மோனியம், மிருதங்கத்தோடு ஒரு மின் இசைப்பலகையும் தாளப் பலகையும் சேர்த்திருந்தார்கள். மேல் சுருதியில் எழும் குரல் அந்தப் பெட்டிக்குள் போய்ப் பிளந்து, தகரத்தில் ஆணி இழுப்பதுபோல் வெளியே வந்தது. அரிச்சந்திரனின் உடையில் கொழுவியிருந்த சின்ன ஒலிவாங்கியில் கழுத்து மணிமாலை உரசி, விருத்தத்தின் ஒவ்வொரு அடியிலும் கரகரத்தது. ஒலிப்பெருக்கி தேவைப்படாத குரல்களுக்கு இவ்வளவு பெரிய பெட்டிகள் எதற்கு? அந்த மண்டபத்தில் ஒன்றிரண்டு சாதாரண ஒலிவாங்கிகளை மேடை ஓரத்தில் வைத்தாலே கடைசி வரிசைவரை கேட்டிருக்கும் என்பதை நான் பிறகு என் காதாலேயே அறிந்துகொண்டேன்.

அதை அறிந்தது இப்படித்தான். அரை மணி நேரத்தில் தலை வலிக்கத் தொடங்கியது. காசு கொடுத்த இருக்கையை விட்டு எழும்ப மனம் இல்லாமல் இன்னும் பத்து நிமிடம் இருந்தேன். அந்தப் பத்து நிமிடமும் வீண். பிறகு எழுந்து, சுவரோரமாக நடந்து, மேடைக்கு வலப்புறம் உள்ள பக்கவாசலுக்குப் போனேன். அங்கே பெட்டிகளின் முதுகுதான் தெரியும். ஆர்மோனியக்காரர் அந்தப் பக்கமாக இருந்தார். அங்கு நின்றபோது குரல் நேராக, இயல்பாக, மனிதக் குரலாக வந்தது. அன்றைய நாடகத்தை நான் உண்மையில் பார்த்தது அந்த வாசலில் நின்றுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தும் கால் நோவு தெரியவில்லை. ஆகவே சொல்கிறேன்: இசை நாடகத்துக்கு முன்வரிசைச் சீட்டு வாங்க வேண்டாம். குறைந்த விலைச் சீட்டை வாங்கி, உள்ளே போனதும் ஒலிப்பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றுக்குத் தள்ளி நடுப்பகுதியில் இருங்கள். இருக்கை பிடிக்கவில்லையென்றால் கொடுத்த காசை எண்ணிக்கொண்டு இராமல் உடனே இடம் மாறுங்கள்.

ஆர்மோனியக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டையின் மேற்பூச்சு போய், அந்த இடத்தில் வேறு நிறத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தது. இடது கை துருத்தியில், வலது கை கட்டைகளில், கண் முழுவதும் நடிகர்களின் வாயில். யாருக்காவது அடுத்த அடி வரச் சற்றுத் தாமதித்தால், முதற் சொல்லைத் தாமே மெல்லப் பாடி எடுத்துக் கொடுப்பார். பார்வையாளருக்கு அது பின்பாட்டுப் போலத்தான் கேட்கும். சந்திரமதி வேடத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஆண் ஒருவர், பழைய முறைப்படி. மேடைக்குப் போகுமுன் பக்கத்திரைக்குள் நின்று சுடுதண்ணீர் குடித்தவர், போத்தலை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டு, அழுதபடியே உள்ளே போனார். இரண்டடி தூரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அவர் ஆண் என்பதோ கிழவர் என்பதோ அடுத்த கணத்தில் மறந்துபோயிற்று.

பாம்பு கடித்து இறந்த மகனை மடியில் கிடத்திச் சந்திரமதி புலம்பும் இடம். லோகிதாசனாக ஒன்பது, பத்து வயதுப் பையன் ஒருவன் அசையாமல் கிடந்தான். அவனுடைய புறங்காலில் ஒரு நுளம்பு வந்து இருந்தது. பையனின் பெருவிரல் மெல்ல நெளிந்தது. சந்திரமதி பாட்டை நிறுத்தாமல், தலையிலிருந்து கால்வரை மகனைத் தடவுகிறவர்போலக் கையைக் கொண்டுபோய், அந்தக் காலின் மேல் வைத்து, நுளம்பை விரட்டி, அப்படியே அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியைப் பாடினார். முன்வரிசையில் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருப்பவள் நான். நித்திரையான பிள்ளையின் காலில் நுளம்பிருந்தால் என் கை எப்படிப் போகுமோ அப்படித்தான் அந்தக் கை போனது. அழுதேன். புதுமாத்தளனில் பிள்ளைகளை மடியில் வைத்திருந்த தாய்மாரைக் கண்ட கண்கள் இவை. அந்த மண்டபத்தில் அழுதவள் நான் மட்டும் அல்லள். பின்வரிசைகளிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

அரிச்சந்திரனைப் பற்றி எழுதுவதுதான் கடினமாக இருக்கிறது. அவர் இளைஞர், குரல் வளம் மிக்கவர். ஆனால் அவர் வாயைத் திறந்ததுமே எனக்கு அந்த ஒலிநாடா கேட்டது. அதே இடத்தில் மூச்சு, அதே இடத்தில் அசைவு, விருத்தத்தின் ஈற்றில் அதே இழுப்பு. இதைக் கேட்கத்தான் நான் வந்தேன். கேட்டபோது மனம் நிறையவில்லை. ஐயா நேரில் பார்த்த நடிகமணி ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு விதமாகப் பாடினார் என்று ஐயாவே சொல்லியிருக்கிறார்; ஒலிநாடாவில் பதிந்தது அந்த இரவுகளில் ஒன்று மட்டும். அந்த ஓர் இரவை இந்தத் தம்பி மனப்பாடம் செய்து திருப்பித் தருகிறார். சந்திரமதி வாய்க்கரிசிக்கு வழியில்லாமல் நிற்கும்போது, கால் பணமும் முழத்துண்டும் தந்தால்தான் பிணத்தைச் சுட விடுவேன் என்று சுடலை காப்பவன் கேட்கும் அந்த இடத்தில், அவர் முன்னே நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பாடவில்லை. சபையைப் பார்த்துப் பாடினார். கழுத்தில் தாலி இருக்கிறதே என்று அவன் சொல்ல, கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியாயிற்றே என்று அவள் திகைக்க, இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடத்திலும் அப்படியே. சந்திரமதி மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை கதையைத் தாங்கியது. குறையில் ஒரு பங்கு என்னுடையது என்பதையும் எழுத வேண்டும். அந்த வாரம் முழுவதும் இணையத்தில் கிடைத்த பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்து, இரவிரவாகக் கேட்டுவிட்டுத்தான் நான் போனேன். காதில் ஒரு குரலை ஊற்றிக்கொண்டு போனால், மேடையில் எவர் வந்தாலும் அந்தக் குரலோடுதான் ஒத்துப்பார்ப்போம். போவதற்கு முந்திய சில நாள்கள் எதையும் கேட்காமல் இருப்பது நல்லது. கதையை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும்.

முடிவை அவசரமாக முடித்தார்கள். காசி மன்னன் மகனைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட சந்திரமதியை வெட்ட அரிச்சந்திரன் வாளை ஓங்க, வாள் மாலையாகும் இடத்தில், மேடை நிறையப் புகை விட்டு நிற விளக்குகளைச் சுழற்றினார்கள். புகை அடங்கும்போது சிவபெருமான் நின்றார். மாலை விழுந்ததை யாரும் காணவில்லை. 8.55 மணிக்கு மங்களம் பாடினார்கள். நன்றியுரை தொடங்கியதும் நான் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒன்றும் இல்லை. ஏ9 வீதியில் இரவில் கொழும்புக்குப் போகும் பேருந்துகள் வரும், மாங்குளத்தில் இறங்கினால் அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக வீடு போய்ச் சேரலாம் என்று எண்ணினேன். அவை முற்பதிவுப் பேருந்துகள். குறுந்தூரத்துக்கு எளிதில் ஆள் ஏற்றுவதில்லை. இரண்டு நிற்காமலே போயின. மூன்றாவது நின்றது, 250 ரூபாய் வாங்கினார்கள், மாங்குளச் சந்தியில் இறங்கும்போது 10.35 மணி. அங்கே நின்ற இரண்டு முச்சக்கரவண்டிக்காரரும் ஒட்டுசுட்டான் வீதியில் இரவில் யானை நிற்கும் என்று வர மறுத்தார்கள். திறந்திருந்த ஒரு தேநீர்க் கடையில், கடைக்காரரின் மனைவி இருந்ததால், ஓரளவு தைரியமாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒருவர், தம் தம்பியையும் துணைக்கு ஏற்றிக்கொண்டு, 7,000 ரூபாய்க்குச் சம்மதித்தார். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, விளக்கையும் அணைத்தார். இருட்டுக்குள் கொப்பு முறியும் சத்தம் மட்டும் கேட்டது. ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வீட்டில் விளக்கோடு விழித்திருந்தார். கைத்தொலைபேசியின் மின்னேற்றம் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டதால் அவருக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாது. தனியே போகும் பெண்கள், குறிப்பாக வன்னியின் உள்ளூர்களிலிருந்து போகிறவர்கள், இரவு தங்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அது முடியாவிட்டால், ஊரில் தெரிந்த முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரிடம் கூலியையும் நேரத்தையும் முதலிலேயே முடிவுசெய்து, அவரையே வரச் சொல்லுங்கள். அவசரத்தில் பேசும் கூலி எப்போதும் கூடத்தான் இருக்கும். மின்னேற்றியை மறக்க வேண்டாம்.

நுழைவுச்சீட்டு 2,000, போகும் பேருந்து 370, தேநீரும் ரோல்சும் 280, திரும்பும் பேருந்து 250, முச்சக்கரவண்டி 7,000. இந்தக் கணக்கை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சந்திரமதி வடிவாப் பாடினவவோ?” என்று மட்டும் கேட்டார். நுளம்பு வந்த கதையைச் சொன்னேன். சுவரில் இருந்த ஐயாவின் படத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபத்தை விட்டு வரும் முன் ஆர்மோனியக்காரரிடம் அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கியிருந்தேன். சென்ற வாரம் அழைத்தேன். மண்டபங்களில் நேரம் போதாது பிள்ளை, கோவில் திருவிழாக்களில் கேட்டால் காசிக் காட்சியையும் சேர்த்து நாலு மணி நேரம் செய்வோம், பெரிய பெட்டிகளும் தேவையில்லை என்றார். பங்குனியில் குடாநாட்டில் ஒரு கோவிலுக்கு அப்படிப் பேசியிருக்கிறார்களாம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். சந்திரமதியாக வந்த அதே பெரியவர்தான். ஊரில் ஒருவரிடம் வான் கேட்டிருக்கிறேன். போய்வர 18,000 ரூபாய் என்கிறார். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் தலைக்கு 1,500 வரும். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அம்மாவோடு எட்டு.